தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது? நெடுந்தூர விமானப் பயணத்தின் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு விமான தூரம் எவ்வளவு என்று தேடினால் சுமார் 10,880 கிலோமீட்டர் என்று வரும். பெரிய பயணிகள் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்பது பலருக்கும் தெரியும். வகுத்துப் பார்த்தால் 12 மணி நேரம் சொச்சம் வரவேண்டும். ஆனால் டிக்கெட்டில் ஏறத்தாழ 14 மணி நேரம் என்று போட்டிருக்கும். அதே விமானம் லண்டனிலிருந்து திரும்பி வரும்போது பார்த்தால் 13 மணி நேரம். அதே இரண்டு ஊர், அதே ரக விமானம். போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நீங்களே ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். தூரம் என்பது பூமியின் வடிவத்தை மட்டும் பொறுத்தது, அது மாறாது. நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றும், எந்த வானத்தில் பறக்க அனுமதி இருக்கிறது என்பதும்தான். இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்தத் தூரம்?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அது குறுக்கு வழி அல்ல. நமக்குப் பழக்கமான பல வரைபடங்கள் 1569-இல் மெர்காட்டர் வகுத்த முறையில் வரையப்பட்டவை. கப்பலோட்டிகளுக்காக அவர் செய்த அந்த முறையில் திசை சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்காது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் பெரிதாகிவிடும். கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது ஆப்பிரிக்கா. அந்த வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும்.

சரியான வழியைப் பார்க்க ஓர் உருண்டை வேண்டும். ஒரு குளோபை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தளராமல் விறைப்பாக எந்த வழியில் கிடக்கிறதோ அதுதான் குறுகிய வழி. அந்த வழியை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு முழு வட்டம் கிடைக்கும். அதனால் அதற்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிரே இருக்கும் இரண்டு தீர்க்கரேகைகள் சேர்ந்தால் அதுவும் ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் இல்லை. கிழக்கு மேற்காக ஒரே அட்சரேகையிலேயே போவது குறுக்கு வழி என்று தோன்றும். அது தவறாவதற்கு இதுதான் காரணம்.

ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் ஏறத்தாழ 60 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம், 180 டிகிரி இடைவெளி. அந்த 60 டிகிரிக் கோட்டிலேயே சுற்றிக்கொண்டு போனால் 10,000 கிலோமீட்டர். நேராக வடக்கே கிளம்பி, வட துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் சுமார் 6,560 கிலோமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம். தட்டை வரைபடத்தில் இந்த வழியைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அந்த வரைபடத்தில் துருவமே கிடையாது.

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியும் இப்படித்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருந்தாலும், இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் விமானம் வடக்கே அலூஷியன் தீவுகள் பக்கமாக வளைந்து போவதாகத் தெரியும். விமானம் வளைந்து போகவில்லை. வளைந்திருப்பது வரைபடம்.

தூரத்தைக் கணக்கிடுவது எப்படி?

கணிதம் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், பின்னால் வருவது இதைச் சார்ந்ததில்லை. ஆனால் ஒரு முறை செய்து பார்த்தால் கிடைக்கும் நிறைவே தனி.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. சிங்கப்பூர் சாங்கி: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. லண்டன் ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.45 மேற்கு. ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 104.44 டிகிரி.

இப்போது இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். 0.0237-ஐ 0.7823-ஆல் பெருக்கினால் 0.0186. அடுத்து இரண்டின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். 0.9997, 0.6229, மைனஸ் 0.2494 மூன்றும் சேர்ந்து மைனஸ் 0.1553. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.1367. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கால்குலேட்டரைக் கேட்டால் 97.86 டிகிரி என்று சொல்லும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள கோணம் அது.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. அந்தக் கணக்கில் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.19 கி.மீ. பெருக்கினால் 10,881 கிலோமீட்டர். இணையதளங்கள் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் உண்டு. உருண்டை என்று வைத்துக்கொள்வதால் வரும் பிழை அதிகபட்சம் 0.5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பயணத் திட்டத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறதே, அங்கே வட்டம் பெரிதாக இருக்குமே என்று சிலருக்குத் தோன்றும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 6,371-இல் 11 என்பது 0.17 சதவீதம். பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கூடும், அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். விட்டுவிடலாம்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் தூரம்தான் அது. அதனால் மேலே கிடைத்த கோணத்தை அறுபதால் பெருக்கினாலே அவர்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

நேர்வழியில் ஏன் போவதில்லை?

கணக்குப் போட்டுக் கிடைத்த வழியில் விமானங்கள் அப்படியே பறப்பது அரிது. கீழே இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்பரப்பின் மேல் உரிமை உண்டு. போர் நடக்கும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். ராணுவம் பயிற்சிக்கு ஒதுக்கிய பகுதிகளையும் பெரிய இடிமழை மேகங்களையும் தவிர்க்க வேண்டும்.

இதன் விளைவு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதற்கு ஹெல்சின்கி–டோக்கியோ வழித்தடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 7,800 கி.மீ. பெருவட்ட வழி பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகிறது. ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டது. அதற்குப் பிறகு பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் வட துருவப் பக்கமாகவோ, தெற்கே இறங்கி மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போக வேண்டி வந்தது. பயண நேரம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது. ஊர்கள் இடம் மாறவில்லை, தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை, ஆனால் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. பனிப்போர்க் காலத்திலும் இதே நிலைமைதான் இருந்தது. அப்போது ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே பறந்த பல விமானங்கள் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

கடல் மேல் பறப்பதற்கு இன்னொரு விதி உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். முன்பு அந்த நேரம் 60 நிமிடமாக இருந்தது. அதனால் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய பரப்பு இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு எட்டாததாகவே கிடந்தது. 1985-இல் இது 120 நிமிடமாக நீட்டப்பட்டது. இன்று ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்களுக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக, விமானங்கள் பெருவட்டத்தை நெருங்கி வந்திருக்கின்றன. விமானத் துறையின் பெரிய சாதனைகளில் ஒன்று இது என்பேன். ஆனால் பயணிகள் கண்ணில் படாத சாதனை.

காற்றுதான் முக்கியம்

விமானத்தின் வேகம் என்று சொல்வது தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ. நெடுந்தூர விமானங்கள் அதில் 85 சதவீத வேகத்தில், அதாவது 900 கி.மீ. அளவில் பறக்கின்றன. இன்னும் வேகமாகப் போனால் இறக்கையின் மேல் காற்று ஒலியின் வேகத்தைத் தாண்டி, இழுவை திடீரென்று ஏறி, எரிபொருள் கரையத் தொடங்கும். கடந்த அறுபது ஆண்டுகளாகப் பயணிகள் விமானங்களின் வேகம் பெரிதாக மாறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் படகு விடுவது போலத்தான். துடுப்பு போடும் வேகம் ஒன்றாக இருந்தாலும், ஓட்டத்தோடு போனால் கரை வேகமாக ஓடும், எதிர்த்துப் போனால் நகரவே நகராது. வட, தென் கோளங்களின் நடு அட்சரேகைகளில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். மணிக்கு 200 கி.மீ. வேகம் அங்கே சாதாரணம். குளிர்காலத்தில் சில நாள் 400-ஐயும் தொடும். விமானங்கள் பறக்கும் அதே உயரம் என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை. கிழக்கே போகிறவர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள், மேற்கே போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். வட அட்லாண்டிக்கில் அன்றன்றைய காற்றைப் பார்த்து வான்வழித் தடங்களைத் தினமும் புதிதாக வரைகிறார்கள். அதனால் நேற்றுப் போன வழியிலேயே இன்றைய விமானமும் போகும் என்று சொல்ல முடியாது.

2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டிய தூரம் அது. தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,300 கி.மீ.-ஐத் தாண்டியது. ஒலியை விட வேகமாகப் பறந்ததா என்று பலர் வியந்தார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. உண்மையிலேயே ஒலியைத் தாண்டிப் பறந்த கான்கார்ட் 1996-இல் அதே வழியை 2 மணி 53 நிமிடத்தில் கடந்திருக்கிறது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்தை நோக்கி இறங்குமிடமே வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானமும் கிளம்பும்போதே அந்தச் சுழற்சியோடுதான் கிளம்புகிறது. அதனால் நேரடியாக லாபமோ நஷ்டமோ இல்லை. நடைமுறையில் நடப்பது நேர் எதிர்: பெரும்பாலும் மேற்கே போகத்தான் அதிக நேரம் ஆகிறது.

இன்னொன்றை நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம், கூட்டிக் கழித்தால் சமம் என்பார்கள். சமமாகாது. 9,000 கி.மீ. தூரம் என்று வையுங்கள், வேகம் 900. காற்றில்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20. இப்போது 100 கி.மீ. காற்று அடிக்கிறது. காற்றோடு போனால் வேகம் 1,000, ஆகவே 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் வேகம் 800, ஆகவே 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் இருக்கும் நேரமே அதிகம் என்பதால், இழப்பு எப்போதும் லாபத்தை விடக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை

அட்டவணையில் போட்டிருக்கும் நேரம், விமானம் வாசலை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முறை வரும் வரை காத்திருப்பது, மெதுவான வேகத்தில் ஏறுவது, இறங்குவது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் இதில் சேரும். நெரிசலான விமான நிலையத்தில் தரையிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். இது போக, தாமதத்தைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டுவைப்பார்கள். கிளம்பத் தாமதமான விமானம் சில நேரம் சரியாகப் போய்ச் சேர்வது இதனால்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர்–லண்டன் 10,880 கி.மீ. வழியில் வளைந்து போவதற்கு நானூறு கிலோமீட்டரைச் சேர்த்து 11,300 என்று வைத்துக்கொள்வோம். மேற்கே போகும்போது சராசரியாக 40 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரை வேகம் 860, ஆகவே 13 மணி 8 நிமிடம். தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் முக்கால் மணி நேரம் சேர்த்தால் 13 மணி 53 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 940, முக்கால் மணியும் சேர்த்து 12 மணி 46 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் 14-க்கும் 13-க்கும் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள். 40 என்பதும் 400 என்பதும் நான் எடுத்துக்கொண்ட தோராயம்தான், நாளுக்கு நாள் மாறும். நடு அட்சரேகைகளிலேயே நீளமாகப் போகும் வழி என்றால் காற்றுக்கு 100 வரை வைத்துக்கொள்ளலாம். வடக்கு தெற்காகப் போகும் வழி என்றால் போக வர வித்தியாசம் குறைவாகவே இருக்கும்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும். கோடைக்காலத்தில் இரவு 11 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, காலை 6 மணிக்கு லண்டனில் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரப் பயணம் போலத் தெரியும். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே கிளம்பியது பிற்பகல் 3 மணி. கோடையில் லண்டன் ஒரு மணி நேரம் முன்னால், ஆகவே இறங்கியது காலை 5 மணி. பதினான்கு மணி நேரம்.

தேதிக்கோட்டைத் தாண்டும் பயணம் இன்னும் விசித்திரமாக இருக்கும். நியூசிலாந்தின் குளிர்காலத்தில் ஆக்லாந்திலிருந்து சனிக்கிழமை இரவு 11 மணிக்குக் கிளம்பி எட்டரை மணி நேரம் பறந்தால், ஹொனலுலுவில் இறங்கும்போது அதே சனிக்கிழமை காலை 9.30. இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் 22 மணி நேரம். அட்டவணையில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 அல்லது -1 என்று சிறிதாகப் போட்டிருந்தால் அதைக் கவனியுங்கள். ஹோட்டல் பதிவில் ஒரு நாள் தவறாகப் போய்விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நடுவில் இறங்கிப் போனால்

பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே 20,000 கி.மீ.-க்குச் சற்று மேல் தூரம் இருக்க முடியாது. அதற்கு மேல் போனால் மறுபக்கமாக நெருங்கத் தொடங்கிவிடுவோம். இப்போது நிற்காமல் பறக்கும் மிக நீண்ட பயணிகள் சேவை சிங்கப்பூர்–நியூயார்க், சுமார் 15,300 கி.மீ., பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். அதை விட நீளமாகப் பறப்பதற்குத் தடை எரிபொருளின் எடைதான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும், அதைச் சுமக்கவே தனியாக எரிபொருள் வேண்டும்.

ஆகவே மிக நீண்ட பயணங்களில் பெரும்பாலும் எங்காவது இறங்கி ஏற வேண்டியிருக்கும். எங்கே இறங்குகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. லண்டன்–சிட்னி நேர்தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் இருநூறு கிலோமீட்டருக்குள்தான் கூடுகிறது. துபாய் வழியாக ஐந்நூறு. லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் சுமார் 20,800, அதாவது 3,800 கி.மீ. அதிகம், நாலு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டும். குளோபில் அதே நூலை இழுத்துப் பிடித்து, அதற்கு மிக அருகில் எந்த ஊர் இருக்கிறது என்று பார்த்தாலே எந்த வழி நல்லது என்று தெரிந்துவிடும்.

அதோடு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு முறை கூடுதலாக இறங்க, ஊர, காத்திருக்க, மறுபடி ஏற வேண்டும். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முதல் விமானம் தாமதமானால் சிக்கல், எட்டு மணி நேரம் என்றால் உடம்புக்குச் சிக்கல். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறொன்றில் ஏற்றிவிடுவது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில். எனவே இரண்டு வழிகளை ஒப்பிடும்போது பறக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். காத்திருப்பும் சேர்ந்த மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள், நடுவில் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள், அதற்குப் பிறகு விலையைப் பாருங்கள்.